300 கேள்வி ஜெராக்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஓரமாக ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். பத்தாவது பாஸ் செய்திருந்தால் போதும், பொதுக் காப்பீட்டு முகவர் (உயிருக்கு இல்லை, கடை, வீடு, வண்டிக்கெல்லாம் பாலிசி போடுபவர்) ஆகலாம், தேர்வு சுலபம் என்று. நல்ல செய்திதான், தப்பு சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் நாலு பேர் அந்தக் கட்டத்தைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நாலு பேரும் கேட்டது ஒரே சாமான்: "அண்ணே, அந்த 300 கேள்வி இருக்கா?"

நான் வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். இந்தப் பக்கம் யார் எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்பது அவர்கள் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். குரூப் 4, ரயில்வே, போலீஸ், ஐ.சி.எஃப். அப்ரண்டிஸ், எல்லாத் தாளும் என் மெஷின் கண்ணாடி மேல் ஒருமுறை கவிழ்ந்து படுத்துவிட்டுத்தான் தெருவுக்குள் போகும். அந்த முகவர் தேர்வுக்கான 300 கேள்வியும் அப்படித்தான். யாரோ எங்கிருந்தோ சேர்த்து, சரியான விடைக்குப் பக்கத்தில் பேனாவால் டிக் போட்டு, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுத்து, இப்போது பாதி எழுத்து கொசு செத்த மாதிரி இருக்கிறது. பக்கம் ஒரு ரூபாய். எத்தனை பேருக்குப் போட்டுக் கொடுத்தேன் என்று கணக்கு வைக்கவில்லை, ஒரு டோனர் காசாவது வந்திருக்கும். ஆகவே இந்தக் கடிதத்தில் நான் யாரைக் குறை சொன்னாலும் முதல் குறை என் தலையில் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நானும் அந்தத் தேர்வை எழுதியவன். ஏன் எழுதினேன் என்று சொல்ல 2023 டிசம்பருக்குப் போக வேண்டும். மிக்ஜாம் புயல் மழை 3ஆம் தேதி பிடித்து 4ஆம் தேதியும் விடவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நாலு நாள் ஆனது, கடைக்குள் இடுப்பளவு. இரண்டு பெரிய மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன், பைண்டிங் சாமான், ரீம் ரீமாக அடுக்கியிருந்த பேப்பர். பேப்பர் ஊறி உப்பி அடுக்கையே வெடிக்க வைத்திருந்தது. எனக்கு அப்போதும் பெரிய பயமில்லை. ஏனென்றால் லோன் போட்டபோது பேங்கிலேயே கடைக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்தார்கள், 4 லட்சத்துக்கு. எனக்கு ஆன நட்டம் 3 லட்சம். 4ஐ விட 3 சின்னது, முழுசாக வந்துவிடும், வேறென்ன கணக்கு வேண்டும்?

நட்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். தன்மையான மனிதர், பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிப் படம் எடுத்தார். எல்லாம் எழுதி முடித்துவிட்டு, "மொத்தக் கடை மதிப்பு 8 லட்சம் வருதே சார், ஆவரேஜ் அப்ளை ஆகும்" என்றார். ஆவரேஜ் என்றால் எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் ஆவரேஜும் வண்டி கொடுக்கும் மைலேஜும்தான். 8 லட்சம் பெறுமான கடையை 4 லட்சத்துக்குத்தான் காட்டியிருக்கிறீர்கள், அதாவது பாதிக் கடையைத்தான் கம்பெனி சுமக்கிறது, மீதிப் பாதியை நீங்களே சுமக்கிறீர்கள், அதனால் எந்த நட்டம் வந்தாலும் அதில் பாதிதான் கம்பெனி தரும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். 3 லட்சம் ஒன்றரை லட்சமானது. அதிலும் எக்ஸஸ் என்று ஒரு பிடித்தம். முதல் கொஞ்ச நட்டம் நம் பாடு என்பதற்கு அந்தப் பெயர்.

சிறு கடைகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று ஒரு பாலிசி இருக்கிறது, 5 கோடி மதிப்பு வரை. அதில் 15 சதவீதம் வரை குறைத்துக் காட்டியிருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கோ பாதிக்குப் பாதி குறைவு, எந்தச் சலுகையிலும் அடங்காது. பாலிசி போட்டபோது பேங்கில் ஒருவராவது "உங்க கடையில மொத்தம் எவ்வளவுக்குச் சாமான் இருக்கு?" என்று கேட்டிருந்தால் போதும். லோன் பாக்கி எவ்வளவோ அதை எழுதினார்கள், நானும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். போட்ட ஆளும் ஏதோ ஒரு தேர்வு எழுதிப் பாஸ் செய்தவர்தானே? அவருக்கு ஆவரேஜ் தெரியாதா? தெரிந்தும் சொல்லவில்லையா? இந்தக் கேள்வி ஆறு மாதம் என் மண்டையைக் குடைந்தது. அப்புறம்தான் சரி, நாமே எழுதிப் பார்த்துவிடுவோம், அதில் என்னதான் கேட்கிறார்கள் என்று இறங்கினேன். எனக்கு வயது 47.

தேர்வு இதுதான்: ஐ.சி.38 என்று சொல்வார்கள். கம்ப்யூட்டரில் 50 கேள்வி, ஒரு மணி நேரம், நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். நூற்றுக்கு 35 எடுத்தால் பாஸ், அதாவது 50க்கு 18. தமிழிலும் எழுதலாம். அதற்கு முன்னால் இத்தனை மணி நேரம் பயிற்சி என்று உண்டு. என்னைச் சேர்த்துவிட்ட மேனேஜர், கம்பெனி பெயர் வேண்டாம், "ஆன்லைன் கிளாஸை ஓட விட்டுட்டுத் தூங்குங்க சார், டைம் ஓடினா போதும்" என்றார். எழுதும் ஆளுக்குப் புத்தகம் தருவதற்கு முன்னால் அவர் தந்தது எது தெரியுமா? அதே 300 கேள்வி. நான் போட்ட ஜெராக்ஸ் காப்பியே சுற்றிக்கொண்டு என்னிடம் திரும்பி வந்திருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் என் மெஷினின் கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மனப்பாடம் செய்தேன். தேசியமயம் எப்போது? 1973 ஜனவரி 1. எத்தனை கம்பெனிகளை எத்தனை ஆக்கினார்கள்? 107ஐ நாலாக. அந்த நாலில் எதற்குத் தலைமையகம் சென்னை? யுனைடெட் இந்தியா. இதெல்லாம் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள், இந்த மாதிரிக் கேள்விக்கு எல்லாரும் சரியாக டிக் போடுவார்கள். ஆனால் தேர்வில் பெயரை மாற்றி, ஊரை மாற்றி, கணக்கைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருந்தார்கள். முதல் தடவை எனக்கு 16 வந்தது. இரண்டு மார்க்கில் ஃபெயில். வெளியே வந்து டீ குடித்தபோது பக்கத்தில் நின்ற பையன், டெலிவரி வேலை பார்ப்பவன், 19 வாங்கியிருந்தான். "எப்படிப்பா?" என்றேன். "தெரியாததுக்கெல்லாம் மூணாவது ஆப்ஷன்ணே" என்றான். அவன் பாஸ். அடுத்த வாரமே அவன் போய் யாரோ ஒரு மளிகைக் கடைக்காரரிடம் பாலிசி போடச் சொல்லியிருப்பான். அந்த மளிகைக் கடையிலும் மழைக்குத் தண்ணீர் வரும் அல்லவா? அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. 50ல் 31 கேள்விக்கு விடை தெரியாதவனும் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தது அவன் இல்லையே.

இந்த நேரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து என் அக்கா மகள் பேசினாள். ஹூஸ்டனில் இருக்கிறாள், டெக்சாஸ் மாநிலம். "மாமா, நானும் இன்சூரன்ஸ் எக்ஸாம்தான் எழுதறேன், பிராப்பர்ட்டி அண்ட் கேஷுவால்டி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்குக் கேஷுவால்டி என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடம். அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். பிராப்பர்ட்டி என்றால் நம் சொத்துக்கு வரும் சேதம், கேஷுவால்டி என்றால் பெரும்பாலும் நம்மால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு. நம் ஊரில் இரண்டையும் சேர்த்துப் பொதுக் காப்பீடு என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம். இங்கே நாடு முழுவதற்கும் ஹைதராபாத்தில் இருக்கும் ஒரே ஆணையம், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அங்கே 1945ல் போட்ட ஒரு சட்டப்படி இன்சூரன்ஸ் அந்தந்த மாநிலத்தின் கையில். மாநிலத்துக்கு மாநிலம் தனி லைசென்ஸ், தனிச் சட்டப் பகுதி. டெக்சாஸில் 70 எடுத்தால்தான் பாஸ். நம்முடையது அதில் சரிபாதி என்று சொல்ல வந்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் தினமும் ராத்திரி கடை சாத்தும் நேரத்தில் அவளுக்குக் காலை, வாட்ஸ்அப்பில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்போம். ஒருநாள் என் கடைக் கணக்கை அவளுக்குச் சொன்னேன். அவள் அந்த ஊர்ப் பாடப்படி போட்டுப் பார்த்தாள். அங்கே வியாபாரக் கட்டிடப் பாலிசிகளில் வழக்கமாக மதிப்பில் 80 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் முழுசாகத் தருவார்கள், அதற்குக் கீழே போனால்தான் வெட்டு. 8 லட்சத்தில் 80 சதவீதம் 6 லட்சத்து 40 ஆயிரம், நான் போட்டது 4 லட்சம். "மாமா, எங்க கணக்குல உங்களுக்கு 1,87,500 வரும்" என்றாள். முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக ஹூஸ்டனுக்குக் கடையை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் நாம் மேல். அங்கே சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளம் கிடையாது. வெள்ளத்துக்கென்று 1968ல் அரசாங்கம் தொடங்கிய திட்டத்தில் தனியாக வாங்க வேண்டும், அதுவும் பொதுவாக வாங்கி 30 நாள் கழித்துத்தான் நடப்புக்கு வரும், புயல் கிளம்பிய பிறகு ஓடிப்போய் வாங்க முடியாது. 2017ல் ஹார்வி புயலில் ஹூஸ்டனே முங்கியபோது வீட்டுப் பாலிசி இருந்தும் வெள்ளப் பாலிசி இல்லாமல் எவ்வளவோ பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இங்கே பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுப் பாலிசியில் புயலும் வெள்ளமும் உள்ளேயே இருக்கிறது. கட்டிடத்துக்குப் போட்டால் வீட்டுச் சாமானுக்கும் அதில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, தானாகச் சேர்ந்துவிடும். முக்கியமாக, என்னைக் கவிழ்த்த அந்த ஆவரேஜ் அதில் கிடையாது. அவளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "உங்க தெருவுல எத்தனை பேர்கிட்ட அந்தப் பாலிசி இருக்கு மாமா?" என்று கேட்டாள். மறுநாள் டீக்கடையில் விசாரித்தேன். ஒருவரிடமும் இல்லை. என்னிடமும் இல்லை.

சரி, படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இரண்டாவது பெரிய இடி தமிழ். பயிற்சித் தாளில் "காப்பீட்டு ஆர்வம்" என்று ஒரு தலைப்பு. என் கடை மேல் எனக்கு ஆர்வம் நிறைய, அதற்கும் பாலிசிக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலீஷில் இன்ட்ரெஸ்ட் என்று இருக்கிறதே என்று பார்த்தால் நமக்கு இன்ட்ரெஸ்ட் என்றதும் வட்டிதான் ஞாபகம் வரும், அதுவும் எங்கள் ஏரியாவில் மீட்டர் வட்டி. இரண்டு நாள் முட்டிக்கொண்ட பிறகு என் அம்மா, எட்டாவது வரை படித்தவர், ஒரே வார்த்தையில் முடித்தார்: "பாத்தியதை இருக்கான்னு கேக்குறான்டா." அவ்வளவுதான். அந்தப் பொருள் போனால் உனக்கு நட்டமா? நட்டம் என்றால் உனக்குப் பாத்தியதை உண்டு, நீ இன்சூர் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரன் வீட்டுக்கு நான் பாலிசி போட முடியாது. ஆனால் மின்ட் தெருவில் அடகு பிடிக்கும் சேட்டு என் மனைவியின் வளையலுக்குப் போடலாம், நகை அவருடையது இல்லை, கொடுத்த கடன் அவருடையது. வாடகைக் கடைக்காரனான நான் பொதுவாகக் கட்டிடத்துக்குப் போட முடியாது, உள்ளே இருக்கும் மெஷினுக்குப் போடலாம். தீ பாலிசியில் இந்தப் பாத்தியதை எடுக்கும்போதும் இருக்க வேண்டும், நட்டம் வரும்போதும் இருக்க வேண்டும். ஹார்பர் வழியாகப் போகும் சரக்குக்கான மரைன் பாலிசியில் நட்டம் நடக்கும் நேரத்தில் இருந்தால் போதும், ஏனென்றால் சரக்கு நடுக்கடலில் மிதந்துகொண்டிருக்கும்போதே கை மாறும். தலைமுறை தலைமுறையாகத் துறைமுகத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எவ்வளவு இருக்கின்றன! இதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார்கள். "காப்பீட்டு ஆர்வம்" என்று சொன்னால் மட்டும் யாருக்கும் புரியாது.

அடுத்தது, நட்டத்துக்கு அசல் காரணம் எது என்று கண்டுபிடிப்பது. அந்தப் பக்கத்தை வாசித்தபோதெல்லாம் தூக்கம் வந்தது. எம்டனை நினைத்தேன், தூக்கம் போய்விட்டது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு வந்து குண்டு போட்டதில் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. இன்றைக்கும் ஒருத்தனை "அவன் சரியான எம்டன்" என்கிறோமே, அந்தக் கப்பல்தான். இன்றைய தீ பாலிசி ஒன்று அந்த டாங்குக்கு இருந்தால் கம்பெனி பணம் தருமா? எரிந்தது தீயில்தான், ஆனால் அசல் காரணம் போர், போர் பாலிசியில் விலக்கு, ஆகவே தராது. ஒரு கதை, ஒரு விதி, முடிந்தது. (இன்சூரன்ஸ்காரர்களின் கட்டிடமே தப்பாத ஊர் இது, 1975ல் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. எரிந்ததை எங்கள் அப்பா நேரில் போய் வேடிக்கை பார்த்தவர்.)

இதே விதிக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதையை விட நல்ல பாடம் கிடையாது. மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் ஒருவர் வண்டியை விடுவார், நடுவில் நின்றுவிடும். அத்தோடு விட்டுத் தள்ளிக்கொண்டு வந்தால் பிழைத்தார். பதற்றத்தில் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் போட்டால் என்ஜினுக்குள் தண்ணீரை இழுத்துக்கொண்டு கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்போது கம்பெனி சொல்லும், உன் வண்டியைக் கெடுத்தது வெள்ளம் இல்லை, நீ போட்ட ஸ்டார்ட் என்று. என்ஜின் புரொடெக்ட் என்று தனியாகக் காசு கட்டிச் சேர்த்திருந்தால்தான் அந்தச் செலவு வரும். இதை எத்தனை முகவர் சொல்லிப் பாலிசி விற்கிறார்? "இதுக்கெல்லாம் கிளெய்ம் வரும் சார், ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்பதுதான் நான் கேட்டது.

மோட்டார் பகுதியில் எண்கள் நிறைய வரும், அதை மட்டும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழி இல்லை. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், ஃபைபர் கிளாஸுக்கு 30, கண்ணாடிக்குக் கழிவே இல்லை. கிளெய்ம் கேட்காமல் இருந்தால் வருஷா வருஷம் 20, 25, 35, 45, 50 என்று தள்ளுபடி ஏறும். அந்தத் தள்ளுபடி ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை. செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குபவர்கள் இதில்தான் விழுகிறார்கள், விற்றவரின் தள்ளுபடியோடு பாலிசியும் வருகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றாவிட்டால் சொந்த வண்டிச் சேதத்துக்குக் கேட்க வாய் இருக்காது. நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் பாலிசி இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடியும் என்றால் 4,000. இது எங்கள் பக்கம் புத்தகம் படிக்காமலேயே எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது தடவை எனக்கு 37 வந்தது. பீற்றிக்கொள்வதற்குச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பீற்றல்தான். முகவர் ஆன பிறகு காசிமேட்டில் மீன் எடுத்து எங்கள் பக்கம் விற்கும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது. விடியற்காலை மீன் கூடையோடு லோடு ஆட்டோவில் ஏறி வருகிறார், வண்டி எங்காவது கவிழ்ந்தால் தனக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவருக்கு அந்த வண்டியின் மூன்றாம் நபர் பாலிசி பொறுப்பேற்காது. ஆனால் சரக்கின் சொந்தக்காரர் தன் சரக்கோடு வந்தால் உண்டு, 1994ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அப்படிச் சேர்த்தார்கள். "கூடை உங்களோடது, மீன் உங்களோடது, அதனால உண்டுக்கா" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அக்கா ஒரு நொடி யோசித்துவிட்டு, "அப்ப சாயங்காலம் மீனெல்லாம் வித்துட்டு வெறுங்கூடையோட திரும்பி வரேனே, அப்ப?" என்றார். இந்தக் கேள்வி 300ல் இல்லை. இப்படிக் கேட்கத் தெரிந்த அந்த அக்கா தேர்வு எழுதினால் என்னை விட நல்ல முகவராக இருப்பார், ஆனால் பத்தாவது பாஸ் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போபாலில் 1984ல் விஷவாயு கசிந்ததற்குப் பிறகு 1991ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்று வந்தது. அபாயகரமான ரசாயனத்தைக் கையாளும் தொழிற்சாலை வெளியாட்களுக்காகப் பாலிசி எடுத்தே ஆக வேண்டும், விபத்து நடந்தால் தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலேயே பாதிக்கப்பட்டவருக்கு உடனடி நிவாரணம் உண்டு. எங்களுக்குத் தந்த தாளில் இது ஒற்றை வரி. வேறு ஊர்க்காரருக்கு ஒற்றை வரி போதும். தொழிற்சாலைகள் நிறைந்த மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் குடியிருப்பவனுக்கு அது எப்படி ஒற்றை வரியாகும்? அதே 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படகும் வலையும் கறுப்பாகக் கிடந்ததை உங்கள் பேப்பரிலேயே படம் போட்டிருந்தீர்கள். அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் இந்தத் தேர்வுக்குப் படிக்கும்போது அந்த ஒற்றை வரியைத் தாண்டி ஓடுகிறார்கள், "இதுல கேள்வி வராதுண்ணே" என்று.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். குரூப் தேர்வுக்கும் நீட்டுக்கும் வாரம் ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் கால் பக்கம் இதற்குக் கொடுங்கள். மாதிரிக் கேள்வி போட வேண்டாம், அதற்கு என் மெஷினே போதும். ஒரு வாரம் ஆவரேஜ், ஒரு வாரம் பாத்தியதை, ஒரு வாரம் எக்ஸஸ் என்று நம் ஊர் உதாரணத்தோடு, வீட்டில் பேசும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்கு ஓய்வுபெற்ற சர்வேயர்கள், அலுவலர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். அதைப் படிப்பவர் எல்லாரும் முகவர் ஆகப் போவதில்லை, பரவாயில்லை, பாலிசி வாங்குபவராவது மொத்தச் சாமானின் மதிப்பைச் சொல்லக் கற்றுக்கொள்வார். அப்படியே தேர்வு நடத்துபவர்கள் கண்ணில் பட்டால், பாஸ் மார்க்கைப் பற்றியும் அந்த "ஆர்வம்" என்ற வார்த்தையைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கட்டும். மேனேஜர்களுக்கு ஒன்றே ஒன்று: வகுப்பு ஓடும்போது தூங்கச் சொல்லாதீர்கள்.

நான் அந்த 300 கேள்வியை இப்போது போடுவதில்லை. கேட்பவர்களுக்கு நானே டைப் செய்த 12 பக்கம் கொடுக்கிறேன், எம்டன், சேட்டு, கணேசபுரம், மீன்காரக்கா எல்லாரும் அதில் இருக்கிறார்கள். முதல் வாரம் இரண்டு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விட்டார்கள், அங்கே 300ம் கிடைக்கிறது, போனஸாக 50 கேள்வி சேர்த்து. போகட்டும். நாலைந்து பேர் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடைப் படியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். கொஞ்சம் வசதி வேண்டும் என்பவர்களைக் கொளத்தூர் முதல்வர் படைப்பகத்துக்குப் போகச் சொல்கிறேன், ஆனால் அங்கே சத்தம் போட்டு எம்டன் கதை சொல்ல முடியாது.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது சத்தியமூர்த்தி நகரிலிருந்து வரும் ஒரு பெண் படியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தடவை எழுதி ஃபெயில், வருகிற வியாழக்கிழமை மூன்றாவது தடவை. என் கடைக் கணக்கைத்தான் போடச் சொன்னேன். மதிப்பு 8 லட்சம், பாலிசி 4 லட்சம், நட்டம் 3 லட்சம். இப்போதுதான் நோட்டை நீட்டிக் காட்டியது, ஒன்றரை லட்சம் என்று சரியாகப் போட்டிருக்கிறது. எக்ஸஸைக் கழிக்க மறந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்,
எம்.கே.பி. நகர், வியாசர்பாடி.